பசியை மறக்கச் செய்யும் பானம்: கஹ்வாவிலிருந்து வெறுஞ்சாயம் வரை

ஒன்பதாம் தர மாணவன் ஒருவன் கட்டுரையில், "காலையில் கொப்பி குடித்துவிட்டுப் பாடசாலைக்கு வந்தேன்" என்று எழுதியிருந்தான். எழுதுகிற கொப்பிக்கும் குடிக்கிற கோப்பிக்கும் நெடில் ஒன்றுதான் வித்தியாசம். சிவப்பு மையால் திருத்திவிட்டு, "வேறென்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல சேர். அதைக் குடிச்சாப் பசிக்காது" என்றான். கோப்பி என்று அவன் எழுதியதுகூட மரியாதைக்காகத்தான். வீட்டில் குடித்தது வெறுஞ்சாயம், அதாவது பாலில்லாத தேத்தண்ணி. பத்தரை மணி இடைவேளைக்கு முன்பே மேசையில் தலை சாய்த்துவிடும் பிள்ளைகளில் அவனும் ஒருவன்.

எழுத்துப்பிழை திருத்தும் தமிழாசிரியன் மாணவனின் காலைச் சாப்பாட்டைப் பற்றி ஏன் ஆராய வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் பிள்ளை சொன்ன "குடிச்சாப் பசிக்காது" என்ற வார்த்தைக்குப் பின்னால் ஐந்நூறு வருடத்திற்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அது யமன் தேசத்து ஸூபிகளிடம் தொடங்கி, கண்டிச் சீமையின் தவளக்காரர் வழியாக ஹற்றன், நுவரெலியா லயங்கள் வரை வந்து நிற்கிறது. அதில் நமது சமூகத்திற்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே இதை எழுதத் துணிந்தேன்.

சொல்லுக்குள் இருக்கும் பசி

இலங்கைத் தமிழில் வழங்கும் "கோப்பி" ஒல்லாந்தர் வழி வந்தது. தமிழகத்தார் சொல்லும் "காப்பி" ஆங்கிலேயர் வழி வந்தது. இரண்டுக்கும் மூலம் துருக்கியரின் "கஹ்வே". அதற்கும் மூலம் அரபியின் "கஹ்வா".

அரபியில் இச்சொல் கோப்பிக்கு முந்தியது. பழைய அரபுக் கவிஞர்களிடத்தில் கஹ்வா என்றால் மது. மதுவுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதை ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வபாத்தான இப்னு மன்ஸூர் தமது லிஸானுல் அரப் என்னும் பேரகராதியில் விளக்குகிறார். குடிப்பவனுக்கு உணவின் மீதுள்ள நாட்டத்தை அது போக்கிவிடுவதால் அப்பெயர் பெற்றது என்பதே அவ்விளக்கத்தின் சாரம். பின்னாளில் யமனில் வறுத்த கொட்டையின் பானம் பரவியபோது அதே பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. எதியோப்பியாவின் காஃபா என்ற ஊர்ப்பெயரே கஹ்வாவாயிற்று என்று சொல்வோரும் உளர். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், அரபு காதுக்குக் கஹ்வா என்ற ஓசையில் "சாப்பாட்டு ஆசையைத் தணிப்பது" என்ற பொருள் கேட்டுக்கொண்டேயிருந்தது.

அந்தக் குணத்தை நாடித்தான் ஸூபிகளும் அதைக் கையில் எடுத்தார்கள். ஏடனின் முப்தியாக விளங்கி 1470 அளவில் வபாத்தான ஜமாலுத்தீன் அத்-தப்ஹானீ அதை யமனில் பழக்கத்திற்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படுகிறார். சோர்வைப் போக்கி, உடம்பைத் தூக்கமின்றி இரவு வணக்கத்தில் நிறுத்த அது உதவுவதை அவர் கண்டார். மொக்கா துறைமுகத்தில் அடங்கியுள்ள அலீ இப்னு உமர் அஷ்-ஷாதுலீயின் பெயரும் கோப்பியோடு பிணைந்தது. இவரும், ஷாதுலிய்யா தரீக்காவின் ஸ்தாபகரான அபுல் ஹஸன் அஷ்-ஷாதுலீயும் ஒருவரல்லர். ஸ்தாபகர் 1258இலேயே வபாத்தாகிவிட்டார். எனினும் கோப்பி அந்தத் தரீக்காவின் பானமாகவே அறியப்பட்டது. அல்ஜீரியாவில் கோப்பிக்கே ஷாதுலிய்யா என்ற பெயர் வழங்கியது. நம் நாட்டிலும் ஷாதுலிய்யா ஸாவியாக்கள் இருப்பதால் இச்செய்தி நமக்கு அந்நியமானதல்ல.

கெய்ரோவில் யமன் தேசத்து முரீதுகள் திங்கள், வெள்ளி இராக்களில் கூடி, சிவப்பு மண் பாத்திரத்திலிருந்து ஷைகு சிறிய அகப்பையால் அள்ளிக் கொடுக்க, வலப்பக்கமாகக் கைமாற்றிக் கோப்பி அருந்தியபடி திக்ர் செய்ததை அப்துல் காதிர் அல்-ஜஸீரீ 1558 அளவில் எழுதிய நூலால் அறிகிறோம். கோப்பியின் ஹலால் பற்றிய பெரிய வழக்காடல் அந்நூல். 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக், பள்ளியருகே இரவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் கண்டு உலமாக்களைக் கூட்டி அதைத் தடைசெய்ததும், கெய்ரோவிலிருந்து வந்த ஆணை கூட்டங்களைக் கண்டித்ததே தவிரப் பானத்தை முற்றாகத் தடுக்காததும் அதில் விரிவாக உள்ளன.

தபீப்மார் வைத்த நிபந்தனை

மக்கா விசாரணையில் உலமாக்களோடு இரண்டு தபீப்மாரும் சாட்சி சொன்னார்கள். கோப்பி குளிர்ச்சியும் வறட்சியும் உள்ளது, உடம்புக்கு ஆகாது என்பது அவர்களின் கட்சி. யூனானி முறையில் "வறட்சி" என்பது பாரதூரமான வார்த்தை. உடம்பின் ஈரத்தை, அதாவது ஊட்டத்தை வற்றச் செய்வது என்று அதற்குப் பொருள்.

இதை இன்னும் தெளிவாகச் சொன்னவர் 1599இல் வபாத்தான தாவூத் அல்-அன்தாக்கீ. கண்பார்வையற்றவராயினும் தம் காலத்தின் தலைசிறந்த ஹகீம். தஸ்கிரா என்ற அவரது மருத்துவக் கோவை நெடுங்காலம் வைத்தியரின் கைநூலாக இருந்தது. கோப்பி பற்றிய அவரது குறிப்பு 1659இல் ஒக்ஸ்போர்டில் அரபுப் பேராசிரியர் எட்வர்ட் போகொக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. அதில் கோப்பியின் நன்மைகளைச் சொன்ன பிறகு தீமைகளையும் ஹகீம் அடுக்குகிறார். தலையிடி தரும், தூக்கத்தைக் கெடுக்கும், உடம்பை மிகவும் மெலியவைக்கும் என்கிறார். பிறகு ஒரு நிபந்தனை போடுகிறார். சுறுசுறுப்புக்காகக் கோப்பி குடிப்பவர் அதனோடு இனிப்புப் பண்டங்களும் பிஸ்தா எண்ணெயும் வெண்ணெயும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நானூறு வருடங்களுக்கு முந்திய ஹகீமுக்கு இந்தப் பானம் பசியை மறைக்கும் என்று தெரியும். மறைந்த பசி தீர்ந்த பசியல்ல என்பதும் தெரியும். ஆகவே குடி, ஆனால் தின்று குடி என்றார். பிறகு இந்தச் செடி எங்கெங்கு போனதோ அங்கெல்லாம் பானம் போனது. அன்தாக்கீயின் வெண்ணெய் மட்டும் கூடப் போகவில்லை.

தவளத்தின் முதுகில் கோப்பி

இலங்கைக்குக் கோப்பிச் செடியைக் கொண்டுவந்தோர் அரபு வணிகரே என்பது பொதுவான கருத்து. எப்படி வந்தபோதிலும், பிரித்தானியர் வருமுன்பே கண்டி நாட்டு வீட்டுத்தோட்டங்களில் அது வளர்ந்தது. குடிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சிங்களக் கிராமத்தவர் கொழுந்து இலையைக் கறிக்கும், மல்லிகை போன்ற வெள்ளைப் பூவை விகாரையில் காணிக்கைக்கும் பயன்படுத்தினார்கள் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலில் எழுதினார். ஒல்லாந்தர் கரையோரத்தில் பயிரிட்டுப் பார்த்தார்கள், பெரிதாகச் சரிவரவில்லை.

கிராமத்துக் கோப்பியை வாங்கிக் கரைக்கு இறக்கியதில் முஸ்லிம்களின் கை பெரியது. கண்டி மன்னர் காலத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துத் திணைக்களம் இருந்தது. பொதிமாட்டுத் தவளங்களை ஓட்டிய முஸ்லிம்கள் அதில் ஊழியம் செய்தார்கள். கலகெதரைப் பக்கத்தில் மடிகே என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இது விரிவாகப் பேசப்படுகிறது. உப்பு, கருவாடு, புடவை மேலே ஏறும். பாக்கும் கோப்பியும் கீழே இறங்கும். பெருந்தோட்டங்கள் வந்த பிறகும் கிராமத்துக் கோப்பி ஏற்றுமதியில் கணிசமான பங்கு வகித்தது. அதை வீடு வீடாகப் போய்ப் பண்டமாற்றாக வாங்கியோர் பெரும்பாலும் நம்மவர் என்று அக்கால ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1820களின் நடுப்பகுதியில் கம்பளை சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்டும், பேராதனைக்கருகே கன்னொறுவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் தோட்டம் போட்டார்கள். நாற்பது வருடத்திற்குள் மலைநாடு முழுதும் கோப்பியாயிற்று. 1870 அளவில் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது, 1884இல் ஹற்றனுக்கு, 1885இல் நானுஓயாவுக்கு. தவளத்தின் மணியோசை அடங்கிற்று. தவளக்காரரின் பிள்ளைகள் பலர் ரயில் நிலையத்தடியில் கடை போட்டார்கள். இந்தியக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்மாரும் ராவுத்தர்மாரும் கடைத்தெருக்களில் வந்து சேர்ந்தார்கள்.

அரிசியால் கட்டப்பட்ட வயிறு

அந்தக் கோப்பியைப் பறித்தவர்களின் வயிற்றுக்கு இனி வருவோம்.

திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் கிளம்பிய மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். 2023இல், வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து போனது அந்தப் பாதையின் நினைவாகத்தான். அன்று நடந்தவர்களில் வாந்திபேதியாலும் அம்மையாலும் பட்டினியாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம்.

கோப்பிக்கு ஆள் தேவை வருடம் முழுவதும் சமமாக இல்லை. பழம் பறிக்கும் காலத்தில் வந்து, முடிந்ததும் ஊருக்கு நடந்தார்கள். 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி அக்காலத் தோட்டத் தொழிலின் ஒவ்வொரு படியையும் பாட்டில் சொல்லும் நூல். மலையக இலக்கிய வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு.

காடு வெட்டிக் கோப்பி வைத்த மலையில் நெல் இல்லை. அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, கங்காணி மூலமாகவோ தோட்டத்துக் களஞ்சியம் மூலமாகவோ முற்பணமாக அளக்கப்பட்டது. அளந்த அரிசி சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கடல் கடக்கக் கொடுத்த காசும் சேர்ந்து கடனாயிற்று. கடன் தீராமல் தோட்டம் மாறமுடியாதபடி "துண்டு" முறை கட்டிப்போட்டது. 1921இல்தான் அது ஒழிந்தது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் அரிசியின் விலையோடு சேர்த்தே கூலியை நிர்ணயித்தது. ஆக, தொழிலாளியின் வயிறு எவ்வளவு நிறையலாம் என்பது நூறு வருடத்திற்கு மேலாக அவன் கையில் இருக்கவில்லை, கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்தது.

1869இல் மடூல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் கண்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சணத்திற்கு அதே ஆண்டு பெயரிட்டார்கள். இலை உதிர்ந்தது, மரம் வாடியது. 1884இல் ஓரியன்டல் வங்கி மூடப்பட்டது. பல தோட்டங்களில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் நேசனை நடத்தியது இந்த முறிவுக் காலத்தில்தான். அப்பத்திரிகையை வாசிப்போர் கோப்பி விழுந்த கடைவீதியையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தேயிலையும் வெறுஞ்சாயமும்

தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் லண்டனுக்கு அனுப்பியது 23 இறாத்தல்தான். நூற்றாண்டு முடிவில் மலைநாட்டுத் தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

தேயிலைக்குக் கொழுந்து வருடம் முழுவதும் வேண்டும். ஊருக்குப் போய்வரும் வாழ்க்கை அறுந்தது, லயம் நிரந்தர வீடாயிற்று. பெண்களின் விரல்களே தொழிலின் அச்சாணியாயின. அதிகாலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டும், பிறகு கூடையோடு மலையேற வேண்டும். நுவரெலியாக் குளிரில் விடியுமுன் எழும் பெண்ணுக்கு அடுப்பில் முதலில் கொதிப்பது தண்ணீர். உயர்தரத் தேயிலை கப்பலேறும். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தூளில் இவள் சாயம் ஊற்றுவாள். சீனி இருந்தால் போடுவாள், குறைவாயிருந்தால் உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக் குடிப்பாள். கோதுமை மா இருந்தால் ரொட்டி. இல்லாத நாளில் சாயம் மட்டும்.

இதே காலத்தில் இதே தேயிலை இங்கிலாந்தில் என்ன செய்தது? சீனியின் வரலாற்றை எழுதிய மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் சூடான சமைத்த உணவின் இடத்தைப் பாணும் சீனி போட்ட தேநீரும் பிடித்தன என்றார். சமைக்க நேரமில்லை, இறைச்சிக்குக் காசில்லை. சூடான, இனிப்பான கோப்பையொன்று முழுச் சாப்பாடு சாப்பிட்ட உணர்வைக் கொடுத்தது. மன்செஸ்டரில் நெய்தவளும் ஹற்றனில் பறித்தவளும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இரண்டு பேரின் காலைப் பசியையும் ஒரே இலைதான் மறைத்தது.

மறைத்த பசி வெளியே வந்த காலமும் உண்டு. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரசாங்கம் பங்கீட்டு அரிசியைக் குறைத்தது, மாவுக்குத் தட்டுப்பாடு. கிராமத்தானுக்கு ஒரு மரவள்ளியாவது பிடுங்க நிலம் இருந்தது. லயத்தில் இருந்தவருக்கு வாசலடி மட்டுமே. 1974இல் தோட்டப்புற மரண வீதம் நாட்டின் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கானது. குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடந்தன. அந்த வருடங்களைப் பற்றி மலைநாட்டு முதியவர்களிடம் கேட்டால், "சாயத்தக் குடிச்சிட்டுப் படுத்தோம்" என்ற வார்த்தை எப்படியும் வந்துவிடும். எங்கள் உம்மும்மாவும் கடைவாசலில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கதையைச் சொல்லுவார். கூடவே, கடன் கொடுக்காமல் கதவைச் சாத்திய கடைகளையும் மறைக்காமல் சொல்லுவார். நமது வரலாற்றை எழுதும்போது கஞ்சியைப் போலவே சாத்திய கதவையும் எழுதத்தான் வேண்டும்.

விஞ்ஞானம் சொல்வது

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். குடித்தால் பசிக்காது என்பது உண்மையா?

கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன் 1819இல் ஜெர்மனியில் ரூங்கே என்ற இரசாயனவியலாளரால் பிரித்தெடுக்கப்பட்டது. உடம்பு களைக்கும்போது மூளையில் அடினோசின் சேர்ந்து "போதும், ஓய்வெடு" என்று சொல்லும். அந்தச் செய்தி போய் அமரும் இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கும், அதன் செய்தி மட்டும் வந்து சேராது. தப்ஹானீ கண்டதும் பிரட்டுக்குப் போகிறவள் காண்பதும் இதைத்தான்.

பசி விடயத்தில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சாப்பாட்டுக்குச் சற்று முன் கஃபீன் எடுத்தவர் அந்த வேளையில் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடலாம் என்று சில காட்டுகின்றன. வித்தியாசமே இல்லை என்று வேறு சில காட்டுகின்றன. கஃபீன் நீக்கிய கோப்பியும் பசியுணர்வைக் குறைத்ததாக ஓர் ஆய்வு உண்டு. எப்படியும் அது சிறிய விளைவு, சில மணி நேரத்திற்குரியது.

உடம்பு சக்தியை எரிக்கும் வேகமும் கொஞ்சம் கூடுகிறது. 100 மில்லிகிராம் கஃபீன், அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பை கோப்பி, ஓய்விலிருக்கும் உடம்பின் சக்திச் செலவை இரண்டரை மணி நேரத்திற்கு 3 முதல் 4 வீதம் கூட்டியதாக 1989இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இதைத்தான் "கோப்பி குடித்தால் மெலியலாம்" என்று விற்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓய்வில் மணிக்கு 60 கலோரி செலவழிக்கும் ஒருவருக்கு இரண்டரை மணி நேரத்தில் 150 கலோரி. அதில் 4 வீதம் என்றால் 6 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கலோரி இருக்கிறது. அந்தக் கோப்பையில் ஒரு கரண்டி சீனி போட்டாலே மெலியும் கணக்கு முடிந்துவிட்டது.

இந்தக் கணக்கை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். காலையில் இரண்டு கரண்டி சீனி போட்ட சாயம் மட்டும் குடித்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்குக் கிடைப்பது 32 கலோரி. அதுவும் சீனி தருவது, இலை எதுவும் தரவில்லை. அந்த 32 கலோரியில்தான் மலை ஏறி வந்து, என்னிடம் புணர்ச்சி விதி படிக்கிறது.

இரும்பைப் பிடித்துக்கொள்ளும் சாயம்

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. அதை நம் வீடுகளிலும் அதிகம் பேர் அறியார். தேயிலைக்கும் கோப்பிக்கும் நிறமும் துவர்ப்பும் தரும் பொருட்கள் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புக்கு இந்தத் தடை அதிகம். 1983இல் வெளியான ஆய்வொன்றில், இறைச்சி சேர்ந்த ஒரு சாப்பாட்டோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தபோது இரும்பு சேர்வது 39 வீதம் குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 வீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்த கோப்பி தீங்கு செய்யவில்லை. ஒரு மணி நேரம் பின் குடித்தது, கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது.

மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இரும்பு அதிகம் வேண்டும். ரொட்டியும் சம்பலும் கூடவே சாயமும் என்று சாப்பிடுகிறவள், கிடைக்கும் கொஞ்சத்தையும் சாயத்திடம் கொடுத்துவிடுகிறாள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதன் பயன் பெரும்பங்கு போய்விடும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17. தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 அளவில். இதற்குத் தேத்தண்ணியே காரணம் என்று நான் சொல்லவில்லை. கூலி, வீடு, தண்ணீர், தாயின் உடல்நிலை என்று காரணங்கள் பல. ஆனால் உணவின் இடத்தில் சாயம் அமர்ந்திருக்கும்வரை அந்தக் காரணங்களின் சத்தம் வெளியே கேட்காது.

அன்தாக்கீயின் "வறட்சி" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். அவர் இரும்பை அளக்கவில்லை, கலோரி எண்ணவில்லை. ஊட்டமின்றிக் குடித்தால் உடம்பு வற்றும் என்று மட்டும் கண்டார். அந்த மட்டில் அவர் கண்டது சரி.

இரண்டு பசிகள்

நம் மார்க்கம் பசியை வணக்கமாக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பசிக்கு எல்லை போட்டுத்தான் ஆக்கியது. ஸஹருடைய உணவில் பரக்கத் இருக்கிறது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நோன்பு திறப்பதைத் தாமதிக்க வேண்டாம் என்றார்கள். திறக்காமல் நாள்மேல் நாளாகத் தொடரும் விஸால் நோன்பைத் தம் உம்மத்துக்குத் தடுத்தார்கள். நோன்பு பிடிக்க இயலாத முதியவருக்குப் பரிகாரம் ஓர் ஏழைக்கு உணவளிப்பது. பசியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்களும் அவர்களே.

திக்ர் மஜ்லிஸில் கஹ்வா குடித்த முரீது தன் பசியைத் தானே அடக்கினான், விடிந்ததும் அவனுக்கு உணவு இருந்தது. பிரட்டுக்குப் போன பெண்ணின் பசியை வேறு யாரோ கணக்குப் புத்தகத்தில் அடக்கினார்கள். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே விதமான கோப்பைதான். முதலாவது தவம். இரண்டாவதற்குத் தவம் என்று பெயர் வைப்பது பாவம். "அவங்களுக்கு ஒரு தேத்தண்ணி இருந்தாப் போதும்" என்று நம் கடைத்தெருவில் பெருமையாகச் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு இல்லாததால் குடித்தார்கள்.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். கர்ப்பிணித் தாய்மார் இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இவற்றை வெள்ளி மேடைகளிலும் பெண்கள் மத்ரஸாக்களிலும் சொல்லலாம். தோட்டப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பாடசாலைகளில் காலை உணவுக்கு ஸதகா ஒதுக்கலாம். ரமழானில் கஞ்சி காய்ச்சும் கிடாரம் மற்றைய பதினொரு மாதமும் பள்ளியில் கவிழ்ந்துதான் கிடக்கிறது.

ஆய்வாளருக்கும் வேலை உண்டு. ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா, புசல்லாவைப் பக்கத்துப் பழைய கடைகளில் எந்த லயத்துக்கு எந்த மாதம் எவ்வளவு மா, எவ்வளவு சீனி, எவ்வளவு அரிசி கடன் போனது என்று எழுதிய கொப்பிகள் பரணில் இருக்கின்றன. கறையான் அரிக்குமுன் அவற்றை எடுத்து வையுங்கள். மலைநாட்டின் பசி எந்த வருடம் எவ்வளவு இருந்தது என்பதை அவற்றில் கூட்டிப் பார்க்கலாம்.

அந்த மாணவனின் கட்டுரைக்கு நான் பன்னிரண்டு புள்ளி போட்டேன். மறுவாரம் வகுப்பில் கொப்பிக்கும் கோப்பிக்கும் வேறுபாடு கேட்டபோது சரியாகச் சொன்னான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மறுபடி கேட்டேன். "ரொட்டி சேர்" என்றான். உண்மையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வகுப்பு அலுமாரியில் ஒரு இறாத்தல் பாண் இருக்கிறது. இடைவேளைக்கு முன் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம்.